குற்றாலத்துக்குப் பசியோடு போய்ச் சேர்வது

சென்னையிலிருந்து குற்றாலத்துக்குக் காரில் போகும் குடும்பங்களுக்கு வழியில் வரும் ஊர்ப்பெயர்களோடு பண்டங்களின் பெயர்களும் சேர்ந்தே நினைவுக்கு வரும். மதுரை என்றவுடன் ஜிகர்தண்டாவும் கறிதோசையும், ஸ்ரீவில்லிபுத்தூர் என்றவுடன் பால்கோவாவும், செங்கோட்டைக்குப் பக்கத்தில் பிரானூர் என்றவுடன் பார்டர் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் பேச்சில் வந்துவிடும். திரும்பும் வழியில் திருநெல்வேலி அல்வா, கோவில்பட்டிக் கடலைமிட்டாய், சாத்தூர்க் காராச்சேவு, விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா என்று அந்த வரிசை மறுபடியும் மதுரை வரை நீளும். தென்மேற்குப் பருவமழையின் சாரல் ஜூன் மாதத்தில்தான் தொடங்குகிறது. பள்ளிகளும் அதே மாதத்தில் திறந்துவிடுகின்றன. ஆகவே, கோடை விடுமுறையைப் போல நிதானமாகப் போய்வர வழியின்றி, சனி ஞாயிற்றோடு ஓரிரு நாள் விடுப்பைச் சேர்த்துக்கொண்டு புறப்படுகிறோம். அந்தச் சில நாட்களுக்குள் அத்தனை ஊர்ப் பண்டங்களையும் சாப்பிட்டுவிட வேண்டும் என்ற அவசரம் வண்டி தாம்பரத்தைத் தாண்டும் முன்பே தொடங்கிவிடுகிறது.

எங்கள் பயணத்தில் என் கணவரின் பெற்றோரும் எங்கள் பிள்ளைகளும் உடன் வருவார்கள். அத்தைக்கு நீண்ட காலமாகச் சர்க்கரை நோய் உண்டு. மாமா 1950களின் தொடக்கத்தில் தாமிரபரணிக் கரையில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். உணவில் பிரியம் உள்ளவர். யார், எங்கே, எப்போது சாப்பிடுவது என்று திட்டமிடும் பொறுப்பு என்னிடம் இருப்பதால், விடுமுறை நாட்களில் நாங்கள் எப்படிச் சாப்பிடுகிறோம் என்பதைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வந்திருக்கிறேன். விடுமுறையில் உணவைக் கட்டுப்படுத்துவது எப்படி என்று யோசிப்பதைக் காட்டிலும், பசியைக் கெடுக்காமல் வைத்துக்கொள்வது எப்படி என்று யோசிப்பதே பயன் தருகிறது என்ற முடிவுக்கு அந்தக் கவனிப்பு என்னைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. பசி இருந்தால் ருசி இருக்கிறது. பசித்துச் சாப்பிடுகிறவர் தமக்குப் போதும் என்பதையும் தாமே உணர்கிறார். பசியில்லாமல் சாப்பிடுகிறவருக்கு எங்கே நிறுத்துவது என்பதற்கு உடலிலிருந்து எந்தக் குறிப்பும் கிடைப்பதில்லை.

பசியில்லாதபோதும் நாம் ஏன் சாப்பிடுகிறோம்? "இவ்வளவு தூரம் வந்துட்டுத் திங்காமப் போனா எப்படி?" என்று மாமா கேட்பார். இந்தக் கேள்வியைப் பேராசையாக எடுத்துக்கொள்வது அவருக்குச் செய்யும் அநீதி. நாட்டில் தானியத் தட்டுப்பாடு கடுமையாக இருந்த 1965-ஆம் ஆண்டில், வாரத்தில் ஒரு வேளை உணவை விட்டுக்கொடுக்குமாறு பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி மக்களைக் கேட்டுக்கொண்டபோது மாமா பள்ளிச் சிறுவர். 1967-ஆம் ஆண்டுத் தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி தமிழ்நாடு முழுவதும் அத்தனை வலிமையோடு ஒலித்தது என்றால், அரிசி எவ்வளவு பெரிய கவலையாக இருந்தது என்பதை அதிலிருந்தே அறியலாம். கிடைக்கும்போது நிறையச் சாப்பிட்டுக்கொள்வதும், இலையில் ஒரு பருக்கையும் மிஞ்சாமல் வழித்துச் சாப்பிடுவதும், உறவினர் வீட்டில் விருந்து என்றால் முந்தைய வேளையைக் குறைத்துக்கொள்வதும் அந்தக் காலத்தில் அறிவுடைய செயல்களே. அடுத்த விருந்து எப்போது வரும் என்று தெரியாத வீட்டில் வேறு எப்படி இருக்க முடியும்?

அதே தமிழ்நாட்டில் 2011 முதல் அரிசி அட்டை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. தேசிய நெடுஞ்சாலையில் சிறிது தூரத்துக்கு ஒரு முறை உணவகம் வருகிறது. இனிப்பு என்பது தீபாவளிக்கு மட்டும் உரியதாக இல்லை. தட்டுப்பாட்டின்போது உயிரைக் காத்த பழக்கங்கள் மட்டும் அப்படியே தங்கிவிட்டன. அவற்றில் ஒரு பாதியை, அதாவது உணவை வீணாக்கக் கூடாது என்ற மரியாதையை, நாம் என்றும் வைத்துக்கொள்ள வேண்டும். கண்ணில் பட்டதை இப்போதே சாப்பிட்டுவிட வேண்டும் என்ற மறுபாதிதான் இன்று நம்மை வருத்துகிறது. என் பிள்ளைகள் தட்டுப்பாட்டைக் கண்டதே இல்லை. ஆனாலும் புறப்படும் முன்பே கைபேசியில் பார்த்துவைத்த கடைகளை ஒன்றுவிடாமல் பார்த்துவிட வேண்டும் என்று துடிக்கிறார்கள். தாத்தாவின் அச்சமும் பேரப்பிள்ளைகளின் அச்சமும் வேறு வேறு இடங்களில் பிறந்தவை என்றாலும் இரண்டும் ஒரே சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்கின்றன.

இந்த அச்சத்தை அறிவுரையால் போக்க முடியாது. அதற்கு நான் கண்டுகொண்ட வழி, பண்டங்களைப் பார்சலாகக் கொண்டுபோகக்கூடியவை, கூடாதவை என்று இரண்டாகப் பிரிப்பது. பால்கோவாவும் கடலைமிட்டாயும் காராச்சேவும் வீட்டுக்கு வந்து சில நாட்கள் கழித்துச் சாப்பிட்டாலும் ஏறக்குறைய அதே ருசியோடுதான் இருக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-இலும் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இலும் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அவற்றின் புகழ் இன்னும் பரவி, சென்னையிலேயே வாங்கவும் முடிகிறது. அவற்றைக் காரிலேயே பிரித்துத் தின்பதில் எந்தப் பயனும் இல்லை. ஊர் வந்த பிறகும் அவை நம்மோடுதான் இருக்கும். ஆனால், கல்லிலிருந்து அப்போதே எடுத்துப் பிய்த்துப் போட்ட பரோட்டாவைப் பார்சல் கட்டினால் ஒரு மணி நேரத்தில் தோலாகிவிடும். விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவின் மொறுமொறுப்பு பொட்டலத்துக்குள் தங்காது. வாணலியிலிருந்து எடுத்து இலைத்துண்டில் வைத்துத் தரும் சூடான அல்வா, ஆறிக் கட்டியான அல்வாவிலிருந்து மிகவும் வேறுபட்டது. இப்படி அங்கேயே சாப்பிட்டாக வேண்டியவற்றுக்காக மட்டும் பசியைச் சேர்த்துவைத்துக்கொண்டு, மற்றவற்றை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிடலாம் என்று வீட்டில் எல்லோரிடமும் பேசி முடிவு செய்தோம். "வேண்டாம்" என்று சொல்லும்போது வந்த மனத்தாங்கல், "ஊருக்குப் போய்ச் சாப்பிடலாம், வாங்கிக்கோங்க" என்று சொல்லும்போது வருவதில்லை. மாமாவுக்குக் கையில் பொட்டலம் இருந்தாலே போதும். பாதி நிறைவு அதிலேயே கிடைத்துவிடுகிறது.

அடுத்தது நெடுஞ்சாலை. வண்டி நின்றால் வாய் அசைய வேண்டும் என்பது நம்மிடையே எழுதப்படாத சட்டமாக இருக்கிறது. கழிப்பறைக்காக நிறுத்திய இடத்தில் ஒரு காபி, காபியோடு ஒரு வடை, பிள்ளைகளுக்குச் சிப்ஸ் பாக்கெட்டும் குளிர்பானமும் என்று விழுப்புரத்துக்கும் திருச்சிக்கும் இடையில் வயிற்றுக்குள் போவதில் ஒன்றுகூட யாரும் ஆசைப்பட்டுக் கேட்டது அல்ல. காரில் பல மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கும் உடலுக்கு அவ்வளவு தேவையும் இல்லை. களைப்பையும் சலிப்பையும் தாகத்தையும் பசி என்று எண்ணிச் சாப்பிடுவதாகவே எனக்குத் தோன்றுகிறது. கடைசியில் ஊர் வந்து சேரும்போது, ஆசைப்பட்ட உணவு எதிரே இருக்கும். பசி மட்டும் இருக்காது.

நம் முந்தைய தலைமுறையினர் கட்டுச்சோற்றோடு பயணம் போனார்கள். புளிக்காய்ச்சலில் உள்ள புளிப்பும் உப்பும் நல்லெண்ணெயும் சோற்றைக் கெடாமல் காத்தன. தயிர்சாதத்துக்குப் பாலை நிறைய ஊற்றி, உறைக்கு வேண்டிய அளவு மட்டும் தயிர் விட்டுப் பிசைந்தால் மதியத்துக்குள் அது பக்குவமாகப் புளித்திருக்கும். மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் இருபுறமும் தடவிய இட்லி, தண்ணீர்ச் சட்னி இல்லாததாலேயே வழியில் கெடாமல் வரும். நாங்கள் இப்போது போகும் வழிக்குக் கட்டுச்சோற்றையே திரும்பக் கொண்டுவந்திருக்கிறோம். அதிகாலையில் எழுந்து புளியோதரையும் இட்லியும் கட்டிக்கொள்வதால் இரண்டு நன்மைகள் உண்டு. சாப்பாட்டு நேரம் நம் கையில் இருக்கிறது. உணவகத்தில் உட்காரும்போது பக்கத்து மேசையைப் பார்த்து எழும் ஆசை எழுவதில்லை. வண்டியை மரநிழலில் நிறுத்தி, இறங்கிச் சற்று நடந்து, அளவாகச் சாப்பிட்டு, மறுபடியும் புறப்பட்டால் மாலையில் தென்காசியை நெருங்கும்போது எல்லோருக்கும் உண்மையாகவே பசிக்கத் தொடங்கியிருக்கும். வழியில் தின்பதற்கென்று வறுத்த கடலையும் வெள்ளரிக்காயும் கொய்யாவும் தவிர வேறொன்றும் எடுப்பதில்லை. குடிக்கத் தண்ணீரும் மோரும் மட்டுமே.

குற்றாலத்தைப் போலப் பசியைத் தரும் இடத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. விடியற்காலையில் உடல் முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு, பேரருவியிலோ ஐந்தருவியிலோ பழைய குற்றாலத்திலோ கூட்டத்தின் நடுவே இடம்பிடித்து, மலையிலிருந்து விழும் குளிர்ந்த நீரைத் தலையிலும் முதுகிலும் வாங்கிக்கொண்டு வெளியே வருகிறவருக்கு வயிறு தானாகவே கேட்கும். அந்தப் பசியோடு சாப்பிடும் நான்கு இட்லிக்கு உள்ள ருசி, பசியின்றி உட்கார்ந்தவருக்கு வைக்கும் எத்தனை வகை உணவிலும் கிடைப்பதில்லை. ஆகவே நாங்கள் பகல் பொழுதை அருவிகளைச் சுற்றியே வகுத்துக்கொள்கிறோம். காலையில் குளித்த பிறகே பலகாரம்; மாலைக் குளியலுக்குப் பிறகே பரோட்டா. குளித்து முடித்துத் துண்டோடு நடந்து வரும் வழியெல்லாம் மிளகாய் பஜ்ஜியும் சூடான நேந்திரம் சிப்ஸும் மணக்கும். அந்த இடத்தில்தான் உறுதி வேண்டும். பரோட்டாவுக்காகச் சேர்த்துவைத்த பசியைப் பஜ்ஜிக்குக் கொடுத்துவிட்டால் இரண்டும் பாழ். ஐந்தருவிப் பக்கத்துக் கடைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் வந்திருந்தால் அவற்றை மட்டும் வாங்கிக் கொறித்துக்கொண்டு நடப்போம். இந்தப் பக்கத்துச் சீசனில் கிடைக்கும் பழங்களைச் சாப்பிடாமல் பலகாரங்களிலேயே விடுமுறையைக் கழிப்பது உண்மையான இழப்பு என்று நினைக்கிறேன்.

பிரானூருக்குப் போகும் நாளில் நாங்கள் கடைப்பிடிக்கும் ஒழுங்கு மிக எளியது. முதலில் ஆளுக்கு இரண்டு பரோட்டாவும், எல்லோருக்கும் பொதுவாக ஒரு கோழியும் சொல்வோம். அவை தீர்ந்த பிறகு, பேசிக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருப்போம். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேர ஏறக்குறைய 20 நிமிடங்கள் ஆகும் என்று மருத்துவர்கள் சொல்வதை அந்த மேசையில் கண்கூடாகப் பார்க்கலாம். உடனே கேட்டால் இன்னும் இரண்டு வேண்டும் என்பார்கள். சற்றுப் பொறுத்துக் கேட்டால் பெரும்பாலும் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளலாம் என்பார்கள். மறுப்பதற்கு யாரும் இல்லை; வேண்டுமென்றால் மறுபடியும் சொல்லிக்கொள்ளலாம் என்ற உறுதி எல்லோருக்கும் உண்டு. அந்த உறுதி இருக்கும்போது ஆசை தானாகவே தணிந்துவிடுகிறது. பரோட்டாவோடு வெங்காயமும் எலுமிச்சையும் கேட்டு வாங்கிக்கொண்டு, கறியைப் பாதியாவது முதலில் சாப்பிட்டுவிட்டுப் பிறகு மைதாவுக்கு வருவது அத்தைக்காகத் தொடங்கிய வழக்கம். இப்போது எல்லோரும் அப்படியே செய்கிறோம்.

தங்கும் விடுதியின் காலை உணவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வாடகையிலேயே சேர்ந்த பஃபே இப்போது நடுத்தர விடுதிகளிலும் பரவலாக வந்துவிட்டது. இட்லி, வடை, பொங்கல், பூரி, உடனுக்குடன் வார்த்துத் தரும் தோசை, கேசரி, ரொட்டியும் ஜாமும், கார்ன்ஃபிளேக்ஸ், இரண்டு வகைப் பழச்சாறு, காபி என்று ஒரே கூடத்தில் அடுக்கியிருப்பார்கள். பணம் முன்பே கொடுத்தாகிவிட்டதால் அடுத்த தட்டுக்கு விலை இல்லை; எவ்வளவு சாப்பிடுகிறோமோ அவ்வளவும் நமக்கு லாபம் என்று மனம் கணக்குப் போடுகிறது. இதோடு இன்னொரு காரணமும் சேர்கிறது. ஒரே உணவைச் சாப்பிட்டுக்கொண்டே வந்தால் அதன் மீதான விருப்பம் மெல்ல மெல்லக் குறைகிறது. புதிய ருசியும் புதிய நிறமும் வந்தவுடன் விருப்பம் மீண்டும் தலைதூக்குகிறது. உணவுப் பழக்கங்களை ஆராயும் பார்பரா ரோல்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1981-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரே வகை சாண்ட்விச் கொடுத்தபோது சாப்பிட்டதைவிட, உள்ளடக்கம் வேறுபட்ட நான்கு வகைகளை மாற்றி மாற்றிக் கொடுத்தபோது மக்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகமாகச் சாப்பிட்டார்கள். பொங்கலில் திகட்டிப்போனவர் பூரியைக் கண்டதும் எழுந்துபோவது மனவலிமைக் குறைவால் அல்ல. நம் உடல் அப்படித்தான் அமைந்திருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு பஃபேயில் எங்கள் வழக்கம் மாறியது. தட்டை எடுக்கும் முன் வெறுங்கையோடு ஒரு முறை முழுவதும் சுற்றிவந்து பார்த்துவிடுகிறோம். ஒரு நாளைக்கு இரண்டே வகை என்று அவரவர் தேர்ந்தெடுத்துக்கொள்கிறோம். மறுநாளும் அதே கூடம்தான் என்பதால் விட்டுப்போனதை மறுநாள் எடுத்துக்கொள்ளலாம். சென்னை வீட்டில் தினமும் கிடைக்கும் ரொட்டியையும் ஜாமையும் தொடுவதில்லை. உணவு அடுக்கியிருக்கும் இடத்துக்கு முதுகைக் காட்டி, தொலைவிலுள்ள மேசையில் உட்காருகிறோம். பழச்சாற்றுக்குப் பதில் பழம். மாமாவுக்கு மட்டும் இந்த ஒழுங்கு எதையும் நான் சொல்வதில்லை. வயதில் மூத்தவரின் தட்டை எட்டிப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மற்றவர்கள் நிதானமாகச் சாப்பிடும் மேசையில் அவருடைய வேகமும் தானாகவே குறைந்திருப்பதைக் கவனித்திருக்கிறேன்.

சர்க்கரை நோயாளிகளோடு பயணம் போகிறவர்கள் இனிப்பைப் பற்றி மட்டுமே கவலைப்படுகிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்) ஆதரவோடு நடந்து 2023-இல் வெளியான 'இந்தியாப்' (INDIAB) நீரிழிவு ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது; தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதத்தினருக்கு அது உண்டு. ஆகவே, ஒரு வேனில் போகும் எந்தக் குடும்பத்திலும் ஒருவராவது மாத்திரை டப்பாவோடு உட்கார்ந்திருப்பார். அவருக்கு அல்வாவைவிடப் பெரிய ஆபத்து, மாத்திரையைப் போட்டுக்கொண்ட பிறகு சாப்பாடு தாமதமாவது. நல்ல கடை வரட்டும் என்று மதியச் சாப்பாட்டை மூன்று மணி வரை தள்ளிப்போடும் வண்டியில், இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொண்டவருக்கு வியர்த்துக் கைகால் நடுங்கி, பேச்சு தடுமாறும் அளவுக்குச் சர்க்கரை இறங்கிவிடலாம். கட்டுச்சோற்றை நான் விடாமல் கொண்டுபோவதற்கு இதுவும் முக்கியக் காரணம். அத்தையின் கைப்பையில் எப்போதும் குளுக்கோஸ் பொடி இருக்கும். அப்படி இறங்கிப்போனால் 15 கிராம் அளவு குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடங்கள் கழித்து மீண்டும் சோதித்துப் பார்க்க வேண்டும். கையில் இருக்கிறதே என்று அல்வாவையோ பால்கோவாவையோ கொடுப்பது அந்த நேரத்தில் உதவாது. அவற்றில் உள்ள நெய்யும் பால்கொழுப்பும் சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்துகின்றன. நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊட்டக் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வெயிலில் நிறுத்திவைத்த காருக்குள் இன்சுலினை விட்டுப் போவதும், பனிக்கட்டியின் மேல் நேராக வைத்து உறையவிடுவதும் அதைக் கெடுத்துவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அத்தைக்கு இனிப்பே கூடாது என்று நாங்கள் வைத்திருக்கவில்லை. முழுத் தடை போட்டால் மறைத்துச் சாப்பிடுவதுதான் மிஞ்சும். மறைத்துச் சாப்பிடும்போது அளவும் தெரியாது, ருசியும் இருக்காது. புறப்படும் முன் மருத்துவரிடம் பேசி, எந்த நாளில் எதைச் சாப்பிடுவது என்று அத்தையே முடிவு செய்கிறார். திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயில் எதிரே மாலையில் அல்வாவுக்காக வரிசையில் நிற்கும் நாளில், அதற்கு முன் இருக்கும் சாப்பாட்டில் சோற்றைக் குறைத்துக் காய்களைக் கூட்டிக்கொள்கிறார். பேரப்பிள்ளையின் இலைத்துண்டிலிருந்து இரண்டு வாய் எடுத்து நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு, ரத வீதிகளைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுகிறார். சாப்பிட்டவுடன் கால் மணி நேரம் நடந்தால் சர்க்கரை ஏறும் அளவு குறைகிறது என்பதை வீட்டிலுள்ள சிறு கருவியிலேயே அவர் பார்த்திருக்கிறார். இரண்டு வாய் அல்வாவுக்கு அவர் முகத்தில் வரும் மகிழ்ச்சியைப் பார்க்கும்போது, அளவு கூடினால் இன்பமும் கூடும் என்ற கணக்கு எவ்வளவு பிழையானது என்று தோன்றும்.

உறவினர் வீட்டு விருந்தில் இந்த விதிகள் எதுவும் செல்லாது. பாளையங்கோட்டையில் மாமாவின் உறவினர்கள் இருக்கிறார்கள். தேங்காய்ப்பால் ஊற்றி வைத்த சொதியும், இஞ்சிப் பச்சடியும், உருளைக்கிழங்குப் பொரியலும், அப்பளமுமாக அவர்கள் போடும் சாப்பாடு திருநெல்வேலியின் பெருமை. சொதி கனமான உணவு. அதனோடு இஞ்சியைச் சேர்த்துவைத்தவர்கள் செரிமானத்தை அறிந்தவர்கள். அங்கே "போதும்" என்ற சொல்லை யாரும் முதல் தடவையில் ஏற்றுக்கொள்வதில்லை. இரண்டாம் தடவை சொல்வதற்குள் கரண்டி இலைக்கு வந்துவிடும். மேசையில் அமர்ந்த பிறகு மறுத்தால் சமைத்தவருக்கு வருத்தம். ஆகவே, பேச வேண்டிய நேரம் அதற்கு முன்பே. இரண்டு நாட்களுக்கு முன் தொலைபேசியில் அழைத்து, "சித்தி, உங்க கையால சொதி மட்டும் வைங்க, அதுக்காகவே வாறோம், வேற ஒண்ணும் இழுத்துப் போட்டுக்காதீங்க" என்று சொன்னால் அவர்களுக்கும் மகிழ்ச்சி, வேலையும் குறைவு. அப்படிச் சொன்ன பிறகும் பாயசம் இருக்கத்தான் செய்யும். அதை மனதார வாங்கிக் குடித்துவிட்டு அன்றிரவு வேறு உணவைத் தவிர்த்துவிடுகிறோம். அன்பாகப் போட்ட சாப்பாட்டின் முன் கலோரி பேசுவது எனக்கு உடன்பாடில்லை.

வீணாக்குவதைப் பற்றி எனக்கு ஆழ்ந்த வருத்தம் உண்டு. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறக்குறைய 105 கோடி டன் உணவு வீணாகியிருக்கிறது. அதில் 28 சதவீதம் உணவகங்களும் விடுதிகளும் உள்ளிட்ட உணவுச் சேவைத் துறையைச் சேர்ந்தது. காலையில் பஃபே கூடத்தில் மேசைகளைச் சுத்தம் செய்கிறவர்கள் தூக்கிக்கொண்டு போகும் தட்டுகளைப் பார்த்தால் அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது என்ன என்று புரியும்: ஒரு கடி கடித்த வடை, தொடாத கேசரி, பாதி தோசை. பிள்ளைகளிடம் "வாங்கியதைத் தின்று தீர்" என்று கட்டாயப்படுத்துவது எனக்குச் சரியாகத் தோன்றவில்லை. வயிறு போதும் என்று சொல்வதைக் கேட்காமல் இருக்க நாமே பழக்குவதாகிவிடும். முதலில் எடுக்கும் அளவைக் குறைப்பதே தீர்வு. ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டுப் பார், பிடித்திருந்தால் மறுபடியும் போய் எடுத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறோம். எடுத்ததில் மிஞ்சினால் அதைப் பெற்றோர் வாயில் போட்டுக்கொள்வதையும் நிறுத்திவிட்டோம். பிள்ளைகளின் மிச்சத்தைச் சாப்பிட்டே பருத்துப்போகும் அம்மாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உணவு குப்பைக்குப் போவதற்கும் தேவையில்லாத உடலுக்குள் போவதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. மிச்சத்தைத் தட்டிலேயே விட்டு, அடுத்த முறை குறைவாக எடுக்க வேண்டும் என்று பிள்ளையோடு உட்கார்ந்து பேசுவது கடினமானது. ஆனால், ஓரிரு பயணங்களில் பலன் தெரிந்தது.

ஊர் திரும்பிய பிறகு வரும் வாரங்களே எல்லாவற்றிலும் முக்கியமானவை என்று நான் கருதுகிறேன். அமெரிக்காவில் ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விடுமுறைக்குச் சென்ற 122 பேரை எடைபோட்டு 2016-இல் வெளியிட்ட ஆய்வில், விடுமுறையின்போது சராசரியாகக் கூடிய எடை ஏறக்குறைய 300 கிராம் மட்டுமே. ஆனால், திரும்பிவந்து ஆறு வாரங்கள் ஆன பிறகும் அந்த எடை குறைந்திருக்கவில்லை. சில நாள் விருந்தைக் காட்டிலும், அந்த விருந்தின் பழக்கம் வீட்டுக்குள் தொடர்வதே பெரிய சிக்கல் என்று இதிலிருந்து நான் புரிந்துகொண்டேன். நம் வீடுகளில் அது எப்படித் தொடர்கிறது என்பதற்குக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் அடுக்கியிருக்கும் பொட்டலங்களே விடை. இரண்டு கிலோ அல்வா, ஒரு கிலோ பால்கோவா, நான்கு பாக்கெட் காராச்சேவு என்று வாங்கிவந்தால், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு துண்டு, மாலைக் காபியோடு ஒரு பிடி என்று மாதம் முழுவதும் அவை வாயைத் தேடி வரும்.

ஆகவே, வாங்கும்போதே யாருக்கு என்று பெயர் சொல்லி வாங்குகிறோம். கீழ்வீட்டுக்குக் கால் கிலோ, அலுவலகத்துக்கு அரைக் கிலோ, வீட்டு வேலைக்கு உதவும் அக்காவுக்குக் கால் கிலோ, நமக்குக் கால் கிலோ என்று கடையிலேயே தனித்தனிப் பொட்டலங்களாகக் கட்டித் தரச் சொல்லிவிட்டால், வீடு வந்த மறுநாளே அவை உரியவர்களிடம் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. பார்சல் வாங்கியதால் மாமாவுக்கும் குறையில்லை. நமக்கென்று வைத்த கால் கிலோவைப் பங்கு வைப்பது அவருடைய பொறுப்பு, அதை அவர் மிகுந்த அக்கறையோடு செய்கிறார். வந்திறங்கிய அன்று இரவு மிளகு ரசமும் சோறும் ஒரு கீரையும்தான். மறுநாள் காலையில் அத்தை வெறும் வயிற்றில் சர்க்கரை பார்த்து, எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிவைக்கிறார். அது சற்றுக் கூடியிருந்தாலும் யாரும் எதுவும் சொல்வதில்லை. அடுத்த பரிசோதனைக்கு மருத்துவரிடம் போகும்போது அந்தக் குறிப்பேட்டையும் எடுத்துப் போகிறோம்.